பானுமதி பங்கிட்டுக் கொடுத்த அப்பா

விருத்தாசலம் பாலக்கரையில் பிரேம் கடை வைத்திருக்கும் பானுமதியிடம் போய், "எங்க அப்பாவுக்கு ஒரு போட்டோகூட இல்லீங்க" என்று சொன்னவர் எவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. அப்பா முகம் தெரியாதவருக்கு அப்பா, மாமனாரைப் பார்த்திராத மருமகளுக்கு மாமனார், எல்லாம் அந்தக் கடையில் கிடைக்கும். கண்ணாடி போட்டு, ஓரத்தில் வெள்ளிப் பூ வேலை செய்து, மாட்டுவதற்கு வளையத்தோடு கிடைக்கும். இதைப் பித்தலாட்டம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. சேவை என்றே நினைத்தாள், நிம்மதியாகத் தூங்கினாள்.

சேவைக்கு முதல் போட்டவர் அவள் அப்பா சபாபதி. அந்தக் காலத்தில் ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். பீங்கான் பேக்டரியில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சூளைக்கு முன்னால் எல்லாரையும் சந்தனம் குங்குமத்தோடு நிற்க வைத்து குரூப் போட்டோ எடுப்பது அவர்தான். நாற்காலியில் ஆபீசர்கள், பின்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்கும் தொழிலாளிகள், முன்னால் தரையில் சம்மணம் போட்ட சின்னப் பையன்கள். பானுமதிக்குக் கல்யாணம் ஆனபோது, பித்தளை அண்டா, குத்துவிளக்கோடு ஒரு தகரப்பெட்டி நிறைய நெகட்டிவும் சீராகப் போனது. மாமியார் வீட்டில் யாரும் அதை மதிக்கவில்லை. மாமியாரே அப்போது உயிரோடு இல்லை என்பது வேறு விஷயம்.

தொழில் முறை இதுதான். வருபவரிடம் பேச்சுக் கொடுப்பாள். அப்பா உயரமா குட்டையா, எங்கே வேலை, சூளையிலா, மண் அரைக்கிற இடத்திலா, டீ கப்புக்குப் பிடி ஒட்டுகிற இடத்திலா என்று விசாரிப்பாள். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, குரூப் போட்டோவை விரித்து, பூதக்கண்ணாடியை வைத்து, "இதோ இருக்காரு பாருங்க" என்பாள். வந்தவர் உற்றுப் பார்ப்பார். "அட ஆமாங்க, எங்க பெரியண்ணன் மூக்கு!" என்று அவரே சொல்லிவிடுவார். பானுமதி சொன்ன பொய் எவ்வளவு, வந்தவர் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த போட்டோக்களில் ஒரு தொந்தரவு இருந்தது. சூளைக்கு முன்னால் வெயில் நேராக மூஞ்சியில் அடிக்கும். நின்றவர்களில் பாதிப் பேர் கண்ணைச் சுருக்கியிருப்பார்கள், மீதிப் பேர் மூடியே வைத்திருப்பார்கள். பெரிதாக்கினால் முகம் தெரியாது, மாவுதான் தெரியும். ஒரு வருஷத்துப் படத்தில் மட்டும், ஓரத்தில் வேப்பமர நிழலில் நின்ற ஒருவர் கண், மூக்கு, வாய் எல்லாம் தெளிவாக, லேசான சிரிப்போடு, எடுத்து வைத்த மாதிரி விழுந்திருந்தார். எவ்வளவு பெரிதாக்கினாலும் தாங்கினார். ஆகவே அப்பா கேட்டு வந்தவர்களில் கொஞ்சம் நச்சரிப்பு அதிகமானவர்களுக்கெல்லாம் அவரையே கொடுத்தாள். ஒருவருக்கு மீசை வைத்து, ஒருவருக்குத் தலைப்பாகை கட்டி, ஒருவருக்குக் கோட்டும் டையும் மாட்டி. அவரும் எல்லார் வீட்டிலும் கோணாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதன்முதலில் அவரைக் கொடுத்தது தன் புருஷனுக்குத்தான். கோவிந்தசாமி கரண்டு ஆபீசில் லைன்மேன். இடி மின்னலில் கம்பத்தில் ஏறுகிற ஆள், அப்பா பேச்சை எடுத்தால் குழந்தை மாதிரி அழுவார். மூன்று வயதில், பேக்டரியில் வேலை செய்த அப்பா அய்யாக்கண்ணு போய்விட்டார். ஒரு படமும் இல்லை. கல்யாணமான புதிதில் அமாவாசைக்கு அமாவாசை வெறும் சுவருக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டு நின்ற புருஷனைப் பார்க்கப் பானுமதிக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைத் திறந்தாள். நிழலில் நின்றவரை வெளியே எடுத்தாள். நெற்றியில் நெடுக ஒரு கோடு இருந்தது, நெகட்டிவில் கீறல் என்று நினைத்து பிரிண்டில் மை தடவி அழித்தாள். அந்த இடத்தில் மூன்று பட்டை விபூதி இழுத்தாள். கோவிந்தசாமிக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. கை சும்மா இருக்குமா? தூரிகை நுனியால் அப்பாவுக்கும் அதே இடத்தில் ஒன்று வைத்தாள்.

படத்தைப் பார்த்த கோவிந்தசாமி அந்த மச்சத்தைத் தொட்டு விசித்து விசித்து அழுதார். அன்றிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அமாவாசைக்கு வடை பாயசம், தீபாவளிக்குக் கருவாட்டுக் குழம்பு, ஒரு சுருட்டு. கருவாடு என்றால் அப்பாவுக்கு உயிர் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, மகன் தங்கதுரைக்குப் பெண் பேசுகிறவரை.

தங்கதுரையும் வேப்பூர் அன்பரசியும் ஒரே ஸ்கூலில் வாத்தியார் வேலை. பிள்ளைகள் தாங்களே பேசி முடித்துவிட்டுப் பெரியவர்களிடம் சொன்னார்கள். விசாரித்ததில் ஜாதகம், வகையறா எல்லாம் பொருந்திவந்தது. நல்ல நாள் பார்த்து, பூவும் பழமும் எடுத்துக்கொண்டு வேப்பூருக்குப் போனார்கள். பெண்ணின் அப்பா பழமலைநாதனுக்கு ஹைவேயில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஓட்டல். அதற்குப் பின்னாலேயே வீடு. பானுமதி கூடத்தில் கால் வைத்தாள், எதிர்ச் சுவரைப் பார்த்தாள், கையிலிருந்த பழத்தட்டு சாய்ந்து இரண்டு ஆப்பிள் உருண்டது.

கோட்டு போட்டு, டை கட்டி, பிளாஸ்டிக் மாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார் அவர். ஓரத்தில் வெள்ளிப் பூ.

கோவிந்தசாமி கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தார். மிக்சரை வாயருகே கொண்டுபோன கை அப்படியே நின்றது.

"சம்பந்தி, அது யாருங்க?"

"எங்கப்பாங்க. பேக்டரியில வேலை செஞ்சாரு. நான் பொறந்த வருஷமே போயிட்டாரு."

"அது எங்கப்பாங்க."

பழமலைநாதன் சிரித்தார். கோவிந்தசாமி சிரிக்கவில்லை. "கோட்டு போட்டுட்டா எங்கப்பாவ எனக்குத் தெரியாதா? தெனம் கும்புடுறேங்க நானு!" என்று செல்போனை எடுத்து, பூஜை ரூமில் பிடித்த படத்தைக் காட்டினார். "மச்சத்தப் பாருங்க. எனக்கும் அதே எடத்துல இருக்குது."

பழமலைநாதன் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அவருக்கு மச்சம் இல்லை. "எங்க சித்தப்பாவுக்கு இருந்துச்சு" என்றார். இருந்ததோ என்னவோ.

இந்த இடத்தில் வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் சண்டை மூண்டிருக்கும். உங்கம்மா யார், எங்கம்மா யார் என்று நாற்காலி பறந்திருக்கும். பானுமதியும் அதைத்தான் எதிர்பார்த்தாள். சண்டை என்றால் சமாளித்துவிடலாம். ஆனால் நடந்தது அதைவிட மோசம். இரண்டு பேருமே கூடப்பிறந்தவர் யாருமில்லாமல், அப்பா இல்லாமல் ஒண்டியாக வளர்ந்தவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பழமலைநாதன் மிக்சர் தட்டைக் கீழே வைத்தார்.

"அண்ணே!" என்றார்.

"தம்பி!" என்று கோவிந்தசாமி எழுந்தார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையில், ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் இலையை விட்டு எழுந்துவந்து எட்டிப் பார்த்தார்கள்.

"வேப்பூருக்கும் விருத்தாசலத்துக்கும் பஸ்ஸு ஓடிக்கினுதான இருந்துச்சு. ரெண்டு பக்கமும் வேற வேற பேரு சொல்லி குடும்பம் வெச்சிருந்திருக்காருடா தம்பி."

"செத்தவர நாம தப்பா பேசக்கூடாதுண்ணே. அவருக்கு என்னா கஷ்டமோ."

பெண்ணின் அம்மா வளர்மதி மட்டும் பூத்தட்டைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். கணக்குத் தெளிவாக இருந்தது. அப்பன்கள் அண்ணன் தம்பி என்றால் பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி. அப்புறம் எங்கே கல்யாணம்? வாசலில் நின்ற தங்கதுரைக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அன்பரசி கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

கிளம்பும்போது பழமலைநாதன் பானுமதியைக் கையெடுத்துக் கும்பிட்டார். "இந்தப் படத்த ஒங்க கடையிலதான் வாங்குனேன். அப்ப எனக்குத் தாடி, ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது. அண்ணனுக்கும் எனக்கும் அப்பாவ காட்டுனது நீங்கதாங்க அண்ணி." ஒரே ஆளை இரண்டு பேருக்குக் கொடுத்திருப்பாள் என்று சந்தேகப்படக் கொஞ்சமாவது அழுக்கு மனசு வேண்டும். அது அண்ணன் தம்பி இருவருக்குமே இல்லை. இருந்த அழுக்கெல்லாம் பானுமதியிடம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கதுரை அவளைச் சமையல்கட்டில் மடக்கினான்.

"அம்மா, அந்த மச்சம் நீ வெச்சதுதான?"

"சத்தம் போடாதடா."

"நேத்து வரைக்கும் கட்டிக்கப்போற பொண்ணு. இன்னிக்கு தங்கச்சியா? அவ போனு போட்டு அழுவுறாம்மா. அமாவாசைக்குள்ள நீ சரி பண்ணு. இல்லன்னா அப்பாகிட்ட நானே சொல்லிடுவேன்."

"ஒங்கப்பா தாங்கமாட்டாருடா" என்றாள் பானுமதி. அதில் பொய் இல்லை. அடுத்த அறையில் கோவிந்தசாமி போனில் பேசிக்கொண்டிருந்தார். "சாப்டியாடா தம்பி? சுகரு மாத்திரை போட்டியா?" அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. மகன் கல்யாணம் நடக்க வேண்டும் என்றால் புருஷனுடைய அப்பாவைப் பிடுங்க வேண்டும், போனால் தம்பியும் சேர்ந்து போவான். பிடுங்காவிட்டால் மகன் போவான். தான் வைத்த ஒரு பொட்டு மை இப்படிக் குடும்பத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று அவள் கண்டாளா?

ஒரு வழிதான் தோன்றியது. அந்த மனுஷன் உண்மையில் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைக் கூட்டிவந்து, "இது எங்க அப்பா, எடுங்க கையை" என்று சொல்ல வைத்துவிட்டால், ஏதோ பெட்டியில் நெகட்டிவ் மாறிவிட்டது என்று பழியைச் செத்துப்போன சபாபதி தலையில் கட்டிவிடலாம். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு போட்டோவில் இருப்பவர் யார் என்று பானுமதி உண்மையாகவே தேடக் கிளம்பியது அன்றைக்குத்தான்.

பழைய நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நெற்றிக் கோடு மறுபடி கண்ணில் பட்டது. கீறல் என்றால் தலைமுடியைத் தாண்டி மேலே ஓடியிருக்க வேண்டும், மூக்கில் இறங்கியிருக்க வேண்டும். இது நெற்றியில் ஆரம்பித்து நெற்றியிலேயே மரியாதையாக முடிந்திருந்தது. அது கீறல் இல்லை, ஒற்றைக் கோடாக இட்ட நாமம்.

பெருமாளே என்று சொல்லத்தான் வாய் வந்தது, சொல்ல யோக்கியதை இல்லை என்று விட்டுவிட்டாள்.

பூதாமூரில் தங்கம்மாள் என்று ஒரு கிழவி, பேக்டரியில் கப்புக்குப் பூப் போட்டவள். பிரிண்டை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள் பானுமதி. தங்கம்மாள் பார்த்த மாத்திரத்தில் முகத்தைச் சுளித்தாள்.

"இந்த ஆளா! டைம் ஆபீஸு ராஜாராமன். சங்கு ஊதி ஒரு நிமிஷம் ஆனாலும் உள்ள வுடமாட்டாரு. ஸ்ரீமுஷ்ணத்து பஸ்ஸுல வருவாரு. அவரு பஸ்ஸு லேட்டானா மட்டும் சங்கையே லேட்டா ஊதுவாங்க. இவரு போட்டோவ வெச்சிக்கினு நீ இன்னாடி பண்ற?"

"சாமி கும்புடுறோம்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு பானுமதி பஸ் ஏறினாள்.

ஸ்ரீமுஷ்ணத்தில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. கதவைத் திறந்தவர் ஒல்லியாக, வெடவெடவென்று, பனியனும் வேட்டியுமாக இருந்தார். நெற்றியில் ஒற்றைக் கோடு. பானுமதி குரலைத் துக்கத்துக்குத் தக்கபடி தாழ்த்திக்கொண்டாள்.

"இந்தப் படத்துல இருக்கிறவங்க குடும்பம் யாராவது இருக்காங்களாங்க?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "குடும்பம் இருக்கு. படத்துல இருக்கறவனும் இருக்கான். உள்ள வாங்கோ."

பானுமதி உள்ளே போகவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷமாகக் கற்பூரம் காட்டிய ஆள் எதிரே நின்று உள்ளே வரச் சொன்னால் யாருக்குத்தான் கால் வரும்?

அவள் கொண்டுபோனது பூஜை ரூமில் மாலையோடு பிடித்த படத்தின் பிரதி. ராஜாராமன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன்னைச் செத்தவன் ஆக்கியதைப் பற்றி அவருக்கு ஒன்றும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "மாலை இருக்கட்டும். எனக்கு எதுக்கு விபூதி?" என்றார். "எங்காத்துல ஏழு தலைமுறையா பெருமாள் கைங்கரியம். என் நெத்தில விபூதியா? யார் இட்டா?"

"தெரியாம நடந்துபோச்சுங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி சௌந்தரவல்லி வந்து படத்தை வாங்கினாள். வாங்கியதும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இவ்வளவு நன்னா இருந்திருக்கேளே! எங்கிட்ட வரும்போது எங்க போச்சு இதெல்லாம்?" என்று கேட்டாள். ராஜாராமனுக்குக் காது சிவந்தது. அந்த வருஷம் குரூப் போட்டோ பிரதி ஆபீசர்களுக்கு மட்டும் கொடுத்தார்களாம். தன்னுடைய இளவயதுப் படத்தை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

பானுமதி எல்லாவற்றையும் சொன்னாள். வேறு வழியில்லை. அப்பா இல்லாத புருஷன், மை வைத்த மச்சம், வேப்பூர் கோட்டு, கட்டிப்பிடித்து அழுத அண்ணன் தம்பி, கதவைச் சாத்திக்கொண்ட பெண். ராஜாராமன் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மொத்தம் எத்தனை ஆத்துல இருக்கேன்?"

"அஞ்சுங்க" என்றாள். ஆறு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"படையல்ல என்ன வைப்பேள்?"

"சக்கரைப் பொங்கலுங்க" என்றாள் பானுமதி, கண் கொட்டாமல்.

நேரில் வந்து உண்மையைச் சொல்வதற்கு அவர் ஒரு நிபந்தனை போட்டார். விபூதியை எடுத்துவிட்டு, நாமத்தைத் திரும்பவும் இட்டு, மச்சத்தை அழித்து, ஒரு பெரிய படம் வேண்டும். சௌந்தரவல்லிக்குத் தனியாக ஒன்று. பானுமதி தலையை ஆட்டினாள். பஸ் ஸ்டாண்டு வரும்வரை அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அமாவாசை அன்று கோவிந்தசாமி வீட்டில் தடபுடல். அண்ணனும் தம்பியும் சேர்ந்து போடுகிற முதல் படையல். வேப்பூரிலிருந்து பழமலைநாதன் வளர்மதியோடு, வாழைத்தாரோடு வந்திருந்தார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள், விபூதிக்காரர் ஒன்று, கோட்டுக்காரர் ஒன்று. தலைவாழை இலை போட்டு வடை பாயசம் எல்லாம் வைத்து, கோவிந்தசாமி கற்பூரத் தட்டை எடுத்தார். வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது.

"வரலாமா?" என்று ராஜாராமன் உள்ளே வந்தார்.

கோவிந்தசாமி படத்தைப் பார்த்தார், வந்தவரைப் பார்த்தார். வயது கூடியிருந்தாலும் அந்தச் சிரிப்பு மாறவில்லை. கற்பூரம் தட்டில் எரிந்து தானாக அணைந்தது. பழமலைநாதன், "அப்பா!" என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

"பயப்படாதீங்கோ. நான் ராஜாராமன். டைம் ஆபீஸ்ல இருந்தேன். எனக்கு ஒரே பொண்ணு, மைசூர்ல இருக்கா. வேற எங்கயும் எனக்கு யாரும் கிடையாது, இது என் ஆத்துக்காரிக்கும் தெரியும்." இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். "மச்சமும் கிடையாது."

வளர்மதிதான் முதலில் விஷயத்தைப் பிடித்தாள். "அப்ப இவங்க ரெண்டு பேரும் பங்காளிங்க இல்ல? அப்ப கல்யாணம் பண்ணலாம்ல?" என்றாள். தங்கதுரை செல்போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினான். இவ்வளவு நாள் சுவரிலிருந்து பானுமதியின் மகன் கல்யாணத்தைத் தடுத்தவர், ஒரே வாக்கியத்தில் நடத்தியும் வைத்துவிட்டார்.

ஆனால் கோவிந்தசாமி அசையவில்லை. மெல்லத் திரும்பிப் பானுமதியைப் பார்த்தார். செத்த சபாபதி தலையில் பழியைக் கட்ட அவள் தயார் செய்து வைத்திருந்த பேச்சு அந்தப் பார்வையில் எங்கேயோ போய்விட்டது.

"நான்தாங்க" என்றாள். "நீங்க செவுத்தப் பாத்துக் கும்புட்டுக்கினு நின்னீங்க. எனக்குப் பொறுக்கல."

"முப்பது வருஷம் யாருக்குடி சோறு வெச்சேன்?"

ராஜாராமன்தான் தொண்டையைக் கனைத்தார். "எனக்குத்தான். சக்கரைப் பொங்கல்னு சொன்னா."

"பொங்கலா?" கோவிந்தசாமியின் குரல் உடைந்தது. "கருவாட்டுக் கொழம்பு வெச்சேங்க சாமி! சுருட்டு வெச்சேன்! தீபாவளிக்கு ஒரு குவாட்டரும் வெச்சேன்!"

ராஜாராமன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். உதடு மட்டும் என்னவோ மந்திரம் சொல்லிற்று. பழமலைநாதன், துக்கத்தை மீறி, "நான் முட்டையோட நிறுத்திக்குனேங்க" என்றார், தன் பங்குக்கு நல்ல பேர் வாங்கப் பார்ப்பவர் போல. யாரும் சிரிக்கவில்லை. வளர்மதி மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், முதுகு குலுங்கியது.

கோவிந்தசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். மகனுக்குக் கல்யாணம் கூடிவந்த சந்தோஷம் அவர் முகத்தில் ஒரு துளியும் இல்லை. கம்பத்தில் ஏறுகிற அந்த உடம்பு பாதியாகச் சுருங்கிப்போன மாதிரி இருந்தது. "அப்ப எங்கப்பா யாருங்க?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக, தான் செய்தது சேவையா என்று பானுமதிக்குச் சந்தேகம் வந்தது.

ராஜாராமன் காதிலிருந்து கையை எடுத்தார். கொஞ்ச நேரம் கோவிந்தசாமியையே பார்த்தார். "அந்த குரூப் போட்டோ இருக்கா? கொண்டாங்கோ" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கோவிந்தசாமிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து படத்தை விரித்தார். "உங்கப்பா பேர் என்ன?"

"அய்யாக்கண்ணு."

"அய்யாக்கண்ணா! எந்தப் பக்கம் வேலை? சூளையா?"

"சூளதாங்க. நெருப்பு போடறவருன்னு அம்மா சொல்லும்."

"அதானே. நெருப்பு போடற அய்யாக்கண்ணு. நல்ல உசரம் இல்லே?"

"என்ன மாதிரியே இருப்பாராம்."

"உங்களை மாதிரியேதான்" என்று ராஜாராமன் சொன்னார். பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தார். படத்தைப் பார்க்கவில்லை. கோவிந்தசாமியின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார், பிறகு விரலை வைத்தார். மூன்றாம் வரிசையில், வெயிலுக்கு முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நெட்டை ஆள். பாதி முகம் மாவாக இருந்தது.

பானுமதிக்குச் சுரீரென்றது. இப்படி விரல் வைக்கிறவர்களை அவளுக்குத் தெரியாதா?

"ஆமா" என்றார் கோவிந்தசாமி. குனிந்து குனிந்து பார்த்தார். "ஆமாங்க. தோளு. இது எங்க தோளு." அவர் கண்ணிலிருந்து விழுந்த சொட்டு படத்தில் விழாமல் பானுமதி முந்தானையை நீட்டினாள்.

"எங்கப்பா, சாமி?" என்று பழமலைநாதன் முழங்காலால் நகர்ந்து வந்தார். "வேப்பூரு ராமசாமி. மண்ணு அரைக்கிற எடம்."

ராஜாராமன் விரலைத் தூக்கவே இல்லை. கொஞ்சம் தள்ளி வைத்தார், அவ்வளவுதான். "அய்யாக்கண்ணுக்குப் பக்கத்துலயே நிக்கறார் பாருங்கோ. ரெண்டு பேரும் எப்பவும் ஒண்ணாத்தான் வருவா. சேர்ந்தே லேட்டா வருவா. ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் வெளில நிறுத்துவேன்."

"பாருடா!" என்றார் கோவிந்தசாமி. "கூட்டாளிங்களா இருந்திருக்காங்கடா!" பழமலைநாதன் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். அண்ணன் போய், தம்பி போய், இரண்டு பேரும் கூட்டாளி மகன்களாக, சம்பந்திகளாக, ஒரே பூதக்கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

அப்புறம் கோவிந்தசாமி நிமிர்ந்து பானுமதியைப் பார்த்தார். கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. "இத பெருசு பண்ணு. மூக்கு முழியில எதுலயும் கை வெக்காத. இருக்கிறபடி இருக்கட்டும்" என்றார். அவள் சரி என்றாள்.

சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். ராஜாராமன் இலையில் இருந்ததை ஒருமுறை ஜாக்கிரதையாகப் பார்த்துவிட்டு, வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டார். பானுமதி அவரை ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏற்றிவிடக் கூடப் போனாள். பஸ் கிளம்பத் தயாராகி ஹாரன் அடித்தபோதுதான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சாமி, அது நெசமாவே அவங்கப்பாதானா?"

ராஜாராமன் அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"முப்பது வருஷம் அவருக்கு அப்பாவா இருந்திருக்கேன். அவரை அநாதையா விட்டுட்டு நான் பஸ் ஏறணுமா?"